குருவி தைத்த நிழல்

கீழ்ச்சோலை எஸ்டேட்டில் ஒரு தையல்சிட்டு, வேலுத்தாயின் நிழலையும் சுடலைவடிவின் நிழலையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்துக் கூடு கட்டியது. அதற்கு முழுக் காரணம் அந்த இரண்டு பெண்களின் பிடிவாதம்தானே தவிர, குருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேயிலைக் காடு முடிந்து சோலை தொடங்குகிற ஓரத்தில், உண்ணிச்செடிப் புதரில், வருஷா வருஷம் புழுவும் பூச்சியும் பிடித்துத் தின்றுகொண்டு, இரண்டு அகலமான இலைகளைப் பார்த்து வைத்து, அலகால் துளை போட்டு, சிலந்தி நூலைக் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டு, அது பாட்டுக்குக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த குருவி. கட்டைவிரல் பருமனில் உடம்பு, துருப்பிடித்த நிறத்தில் உச்சந்தலை, எந்நேரமும் விறைத்து நிற்கிற வால், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய தொண்டை. பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் இருக்கிற இரண்டு எதுவானாலும் அதன் கணக்கில் இலைதான். அன்றைக்கு அந்த ஓரத்தில் அப்படி அசையாமல் கிடந்தவை இந்த இரண்டு பேரின் நிழல்கள்.

பதினாலாம் நம்பர் காட்டின் மேல்விளிம்பில் அட்டை ஏறாத தட்டைப் பாறை ஒன்றே ஒன்றுதான் உண்டு. கொழுந்து எடுக்க வந்த காலத்திலிருந்து காலைத் தேநீருக்கு வேலுத்தாயும் வடிவும் அதில்தான் உட்கார்வார்கள். பேச்சு நின்றுபோன பிறகும் அதில்தான் உட்கார்ந்தார்கள்; பாறையை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசு வரவில்லை. இந்தக் கோடியில் இவள், அந்தக் கோடியில் அவள், முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு. வழக்கமாக விசில் ஊதினால் எழுந்து போய்விடுவார்கள். அன்றைக்கு என்ன கிரகமோ, சூப்பர்வைசர் ரெத்தினசாமி விசில் ஊதியும் வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்காதபோது நான் மட்டும் ஏன் என்று வடிவும் எழுந்திருக்கவில்லை. முந்தி எழுந்தவள் தோற்றவள் என்பது யாரும் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது. ரெத்தினசாமி இன்னொரு தரம் ஊதினார், பக்கத்தில் வந்து நின்று ஊதினார், கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தார், கடைசியில் பாதிக் கூலிதான் என்று இருவருக்கும் அரைப்பேர் எழுதிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனார். வெயில் நகர நிழல் நகர்ந்தது, நிழல் நகர நகரக் குருவியும் கூடவே நகர்ந்து தைத்துக்கொண்டிருந்தது. சோலைக்குள்ளிருந்து ஒரு காட்டுமாடு பெருமூச்சு விட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள். அதனால் ஜெயித்தது யார் என்பது முடிவாகவில்லை. இறக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் ஓடப் பார்த்தபோது, சேலை முந்தானையை யாரோ மிதித்துக்கொண்டு நிற்பது மாதிரி காலடியில் ஒரு இழுப்பு இழுத்தது. குனிந்து பார்த்தார்கள். இரண்டு நிழலும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன, மிகவும் சுத்தமான தையல்.

கீழ்ச்சோலைக்காரர்கள் எதற்கும் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. யானை வந்து ரேஷன் கடைக் கதவைப் பிரித்து அரிசி தின்றுவிட்டு, மறுநாள் பருப்பு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போகிற ஊர் அது. சிங்கவால் குரங்கு அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய்த் துருவலைத் தின்னும். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போனால் போதும் என்று பெண்கள் விட்டுவிடுவார்கள். ஆகவே இரண்டு பெண்கள் ஒரே நிழலோடு பாடிக்கு, அதாவது எஸ்டேட் கொடுத்த அந்த வரிசை வீடுகளுக்கு, இறங்கி வந்தபோது யாரும் ஐயோ என்று கத்தவில்லை. "முட்டை விட்டாச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

கத்தாத ஊரில் உள்ளுக்குள் கத்தியவள் வேலுத்தாய் ஒருத்திதான். அவள் மகள் மாரிச்செல்விக்கு வளைகாப்பு நாள் குறித்தாயிற்று. மருமகன் பொள்ளாச்சியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பதால் விசேஷம் பாடி வாசலிலேயே நடக்க இருந்தது. போன வருஷம் மாரிச்செல்வி வயிற்றில் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அதிலிருந்து வேலுத்தாய் எதற்கெடுத்தாலும் பயந்தாள். பல்லி சொன்னால் பயந்தாள், சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்று பயந்தாள். இந்தத் தடவை ஒரு குறையும் இல்லாமல் காரியம் முடிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. வடிவோ புருஷனை இழந்தவள். சில்வர் ஓக் மரம் சாய்க்கும்போது அது பக்கம் மாறி விழுந்து அவர் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு வளையல் போடுகிற இடத்தில் வேலுத்தாய் நின்றாக வேண்டும். வேலுத்தாய் நின்றால் வடிவின் நிழலும் அங்கே விழுந்தாக வேண்டும். வடிவே அங்கே நின்றாக வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஏன் பேச்சில்லை என்று கேட்டால் வேலுத்தாய் கோழியைச் சொல்வாள். வடிவின் கோழி வந்து அவள் காயப்போட்ட வத்தலைக் கொத்திவிட்டதாம். கொத்தியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, மாரிச்செல்வி கல்யாணத்தன்று, தாலித் தட்டைப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்த வேலுத்தாய், வடிவு கையை நீட்டியபோது, புருஷனின் அக்கா ஆவுடைத்தாய் பின்னாலிருந்து தொண்டையைச் செருமியதைக் கேட்டு, தட்டை வடிவைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டிவிட்டாள். நீட்டிய கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு வடிவு அந்தக் கையாலேயே தலைமுடியைச் சரி செய்துகொண்டு, பந்தியில் உட்காராமல் வீட்டுக்குப் போனாள். மாரிச்செல்வி பிறந்த புதிதில் வேலுத்தாய் மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தபோது, தன் பையனுக்கு ஒரு பக்கமும் இந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்த உடம்பு அது. மாரிச்செல்வி அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். இதெல்லாம் பாடி முழுக்கத் தெரிந்த விஷயம். இருந்தும் எல்லாரும் மரியாதைக்குக் கோழியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேலுத்தாயின் புருஷன் சப்பாணிமுத்து நல்ல மனுஷன், எதையும் வெட்டித் தீர்க்கலாம் என்று நம்புகிறவர். மறுநாள் காலையிலேயே தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து, வாசல் வெயிலில் இருவரையும் நிற்க வைத்து, தையலைத் தேடிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நிழலின் மடிப்புக்குள், பஞ்சின் மேல், செம்புள்ளி தெளித்த சின்னச் சின்ன முட்டைகள் கிடந்தன. தாய்க்குருவி வந்து அவர் மூக்குக்கு நேரே நின்று, டுவிக் டுவிக் டுவிக் என்று, ஒரு ஆள் இன்னொரு ஆளைத் திட்டினால் எவ்வளவு திட்டலாமோ அவ்வளவும் திட்டியது. சப்பாணிமுத்து கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல குருவிக் கூட்டக் கலைப்பாகளா? போய்யா அந்தப் பக்கம்" என்று குழாயடியில் நின்ற பெண்கள் சத்தம் போட்டார்கள்.

வேலுத்தாய்க்கும் அதேதான் தோன்றியது. கூட்டைக் கலைக்கவும் பயம், கலைக்காமல் இருக்கவும் பயம். வனக்காவலர் வந்து பார்த்தார். காட்டோரத்துப் பறவை என்பதால் இலாகாவுக்கு உரிமை உண்டு என்றும், நிழல் பட்டாவில் வருமா வனத்தில் வருமா என்று மேலே கேட்க வேண்டும் என்றும், அதுவரை இரண்டு பேரும் ஓடக்கூடாது என்றும் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு பாடி அந்த நிழலோடு வாழப் பழகிக்கொண்டது. பழகிய விதத்தைப் பார்த்தால் ஏற்கெனவே இப்படியெல்லாம் நடந்து அவர்களுக்குப் பழக்கம் என்றுதான் நினைக்கத் தோன்றும். காலையிலும் சாயங்காலமும் நிழல் நீளமாக இருக்கும், அப்போது இருவரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நடக்கலாம். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கும், அவர்களும் நெருங்கி வர வேண்டும். உச்சிவேளையில் தோளோடு தோள் உரச, முகத்தை மட்டும் எதிரெதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்குள் போனால் நிழல் இல்லை, இழுப்பும் இல்லை, ஆளுக்கொரு அடுப்பு, நடுவில் ஒரு சுவர். ஆனால் அவர்கள் நிழலில்லாத இடத்துக்குப் போய்விட்டால் கூடும் எங்கேயும் இருக்காது. தாய்க்குருவி அடைகாக்க இடமில்லாமல் கூரைக்குக் கூரை தாவிக் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்க ஒருத்திக்கும் கால் வராது; இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்துவிடுவார்கள், வெயில் காயத்தான் வந்தோம் என்கிற முகத்தோடு. ரெத்தினசாமி அவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நிரையைப் பிரித்துக் கொடுத்தார். பிள்ளைகள் அந்த நிழலை மிதிக்காமல் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டார்கள். நாய்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவையும் சுற்றித்தான் போயின. வடிவின் கோழி மட்டும் ஒருநாள் அதன் மேலே ஏறி நின்றது, குருவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடியது.

பேச்சுவார்த்தைதான் கஷ்டமாக இருந்தது. ஒட்டிக்கொண்டே நடக்கிற இருவர் எந்தப் பக்கம் போவது என்றாவது பேசியாக வேண்டும். பேசினால் தோற்றதாகிவிடும். ஆகவே குருவியிடம் பேசினார்கள்.

"ஏ குருவி, எனக்குக் குழாய்க்குப் போகணும். வாரவுக வரலாம்னு சொல்லு" என்பாள் வேலுத்தாய்.

"குருவி, இப்பத்தான் குளிச்சிட்டு வந்திருக்கேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போவோம்னு சொல்லு" என்பாள் வடிவு.

குருவி இருவரிடமும் பாரபட்சமில்லாமல் டுவிக் என்றது. முட்டை பொரிந்து, ரோமமில்லாத சிவந்த குஞ்சுகள் நிழலுக்குள்ளிருந்து வாயைத் திறந்தபோது, குருவிக்குச் சொன்ன சேதிகள் நீண்டுகொண்டே போயின. வடிவு குனிந்து பார்த்துவிட்டு, "ஏ குருவி, ஒண்ணு கொஞ்சம் நோஞ்சானா இருக்கு, அதுக்கு மொதல்ல குடு" என்றாள். வேலுத்தாய், "மாரிச்செல்வியும் இப்படித்தான் இருந்தான்னு சொல்லு குருவி" என்றாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்குக் கொழுந்து எடுக்கும்போது வழக்கமாகப் புழுவைக் கண்டால் உதறுகிற வடிவு, ஒரு பச்சைப் புழுவை இலையோடு கிள்ளி நிழலின் ஓரத்தில் வைத்தாள். மறுநாள் வேலுத்தாயும் வைத்தாள். அதற்குப் பிறகு பதினாலாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுத்த அத்தனை பெண்களும் அவர்களைத் தாண்டிப் போகும்போது ஆளுக்கொரு புழுவைப் போட்டுவிட்டுப் போனார்கள். குஞ்சுகள் புழு தின்று கொழுத்தன, செடிகளும் நோய் தெளிந்தன.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆவுடைத்தாய் சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி, நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்து, வளைகாப்புக்கு முன்னாலேயே வந்து இறங்கினாள். குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கும் அவள்தான் முன்னால் நிற்பாள். யாரும் நிறுத்தியது கிடையாது, அவளாகவே நிற்பாள். வாசலில் கிடந்த நிழலைப் பார்த்தாள், நடுவிலிருந்த கூட்டைப் பார்த்தாள், நிழலின் மறுகோடியில் நின்ற வடிவைப் பார்த்தாள்.

"ஏட்டி வேலு, குருவி கூடு கட்டட்டும், நான் வேண்டாம்ங்கல. வேற நெழலே கெடைக்கலியா அதுக்கு?" என்றாள்.

"நானா மதினி தச்சேன்?" என்றாள் வேலுத்தாய்.

"போன தடவ ஒண்ணு தங்காமப் போச்சுல்லா. எதுனால போச்சுன்னு நெனைக்க? தாலியறுத்தவ கண்ணு பக்கத்து வீட்டுலயே இருந்தா எப்படித் தங்கும்?"

அவள் மெதுவாகப் பேசுகிற பழக்கம் இல்லாதவள். காலை வெயிலில் நிழலின் நீளத்துக்குத் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த வடிவின் காதில் அது விழுந்தது. வடிவு கீரையை ஆய்ந்துகொண்டேயிருந்தாள், தண்டையும் இலையையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் பார்த்தாள். என்னவாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெஞ்சுக்குள் அவளுக்கு எரிந்தது, ஆனாலும் பயம் பெரிதாக இருந்தது.

ஆவுடைத்தாயே ஒரு வழியும் சொன்னாள்: தார்ப்பாயை இழுத்துக் கட்டி வாசல் முழுக்கப் பந்தல் போட்டுவிட்டால் நிழலே விழாது, நிழல் விழாவிட்டால் இழுப்பு இருக்காது, அந்த மகராசி அவள் வீட்டுக்குள் இருந்துகொள்ளலாம். பாடி கூடிப் பேசியது. காலையிலிருந்து சாப்பாடு முடிகிறவரை பந்தல் என்றால் அதுவரை கூடு இருக்காது, குஞ்சுகளுக்கு இரை கொடுப்பது எப்படி என்று ஒருத்தி கேட்டாள். அப்படியென்றால் பந்தலில் ஓட்டை போடலாம் என்றார் சப்பாணிமுத்து. ஓட்டை போட்டால் வெயில் வரும், வெயில் வந்தால் வடிவும் வர வேண்டும் என்றார்கள். பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றது. கடைசியில் பந்தல் வேண்டாம், நிழல் நீளமாக இருக்கிற காலை வேளையிலேயே காரியத்தை முடித்துவிடலாம், வடிவு நிழல் எட்டுகிற மட்டும் தள்ளி வேலியோரம் உட்காரட்டும் என்று முடிவாயிற்று. யாரும் வடிவிடம் கேட்கவில்லை. வேலுத்தாய் மட்டும் குருவியிடம் சொன்னாள், "குருவி, நாளைக்கு வேலியோரம் உக்காரணும்னு சொல்லு."

வளைகாப்பன்று காலை வெயில் நன்றாகத்தான் அடித்தது. மாரிச்செல்வி பச்சைப் பட்டு கட்டி, கன்னத்தில் சந்தனம் பூசி மணையில் உட்கார்ந்தாள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் வெந்து இறங்கி வாசனை அடித்தது. தட்டுத் தட்டாகக் கண்ணாடி வளையல் சிவப்பும் பச்சையுமாக மின்னியது. ரெத்தினசாமி எஸ்டேட் ஜீப்பில் மேலோட்டுப் பாடிக் கிழவிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வடிவு துவைத்த வெள்ளைச் சேலையில் வேலியோரம் போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் வேலுத்தாய்க்கும் நடுவில் தரையில் நீளமாகக் கிடந்தது அந்த ஒற்றை நிழல், நடுவில் குஞ்சுகளோடு. ஆவுடைத்தாய் முதல் காப்பாக வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டப் போனபோதுதான், சோலையிலிருந்து மூடுபனி இறங்கியது.

அந்த ஊர்ப் பனி சொல்லிவிட்டு வராது. தேயிலைக் காட்டை மூடி, குழாயடியை மூடி, வாசலுக்குள் நுழைந்து, வெயிலை ஊதி அணைத்தது. தரையில் நிழல் இல்லை. வேலுத்தாய்க்குக் காலடியில் அத்தனை நாளாக இருந்த இழுப்பு சட்டென்று விட்டுப்போயிற்று.

"பாத்தியாட்டி, கடவுளே தெரையப் போட்டுட்டாரு" என்று ஆவுடைத்தாய்க்கு ஒரே சந்தோஷம். "இனி எதுக்கு அவ இங்க? போகச் சொல்லு."

போகச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வடிவு தானாகவே எழுந்துவிட்டாள். அவ்வளவு பிடிவாதக்காரி, காட்டுமாடு வந்தால் மட்டும் எழுந்திருக்கிறவள், இன்றைக்கு முந்தி எழுந்து, சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, தன் வீட்டுப் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். கூரைக்கு மேலே தாய்க்குருவி, அலகில் பச்சைப் புழுவை வைத்துக்கொண்டே, குஞ்சுகள் எங்கே எங்கே என்று பறந்து பறந்து கத்தியது.

வேலுத்தாய் வடிவின் முதுகைப் பார்த்தாள். பனியில் அது வெளுத்துக்கொண்டே போயிற்று. முந்தி எழுந்தவள் தோற்றவள் என்றால் இப்போது நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் அழுகை முட்டியது. அன்றைக்குத் தாலித் தட்டை இவளைத் தாண்டி நீட்டினேனே, தாண்டியதால் எது நின்றது, தாண்டியும்தானே அந்தப் பிள்ளை தங்காமல் போயிற்று என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது. இத்தனை நாளும் தைத்திருக்கிறது என்று சாக்குச் சொல்லலாம். இப்போது தையலும் இல்லை, சாக்கும் இல்லை, வெறும் வேலுத்தாய் மட்டும் வாசலில் நின்றாள்.

"வடிவக்கா!" என்று கத்தினாள். குருவியிடம் இல்லை, நேராக.

பனிக்குள் காலடிச் சத்தம் நின்றது.

"அக்கா, கோழியெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அன்னைக்குத் தட்ட ஒங்களத் தாண்டி நீட்டினது என் கைதான். யாரு செருமினா என்ன, கை என் கைதான. எம் புள்ளைக்குப் பால் குடுத்தவுகள நானே ஒதுக்கி வச்சேன். வாங்கக்கா. மொத வளையல நீங்கதான் போடணும்."

ஆவுடைத்தாய் தொண்டையைச் செருமினாள். வேலுத்தாய் திரும்பி, "மதினி, தொண்ட கரகரன்னா சுக்கு வெந்நி வச்சிருக்கேன், உள்ள போய்க் குடிங்க" என்றாள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

பனிக்குள்ளிருந்து வடிவு வந்தாள். கண் நனைந்திருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுக்கு இத்தன நாளா எங் கோழியச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே ஏட்டி, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். சொல்லிக்கொண்டே மாரிச்செல்வியின் முன்னால் உட்கார்ந்தாள். மாரிச்செல்வி தன் கையை நீட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, சீக்கிரம் போடுங்க, எனக்குப் பசிக்கு" என்றாள். வேப்பங்கொழுந்துக் காப்பு முதலில், பிறகு ஒரு பச்சை, பிறகு ஒரு சிவப்பு. வளையல் உடையாமல் ஏறியது.

குருவிதான் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பனி விலகுகிற மாதிரி தெரியவில்லை. அப்போது ரெத்தினசாமி, விசில் ஊதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று எல்லாராலும் கேலி செய்யப்பட்டவர், ஓடிப்போய் ஜீப்பைத் திருப்பி நிறுத்தி, முன்விளக்கைப் போட்டார். வெளிச்சம் பனியைத் துளைத்துக்கொண்டு வந்து, பாடியின் வெள்ளையடித்த சுவரில் விழுந்தது. சுவர் உயரத்துக்கு இரண்டு பெண்களின் நிழல், ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, நடுவில் மாரிச்செல்வியின் பெரிய வயிறு, அதற்குப் பக்கத்தில் தொட்டில் மாதிரி குருவிக் கூடு, அதில் நான்கு திறந்த வாய்கள். தாய்க்குருவி விருட்டென்று சுவருக்குள் நுழைந்து ஒரு வாயில் புழுவை வைத்தது. அந்த நோஞ்சான் மட்டும் கீழே அமுங்கி, வெளிச்சம் எட்டாமல் கிடந்தது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"யோவ் சூப்பர்வைசரு!" என்று ஒரு குரல் அதட்டியது. "லைட்ட இன்னுங் கொஞ்சம் எறக்கிப் போடும்யா, கடைக்குட்டிக்கு வாயே தெரியல பாரும்!"

கையில் சுக்கு வெந்நீர் டம்ளரோடு நின்றவள் ஆவுடைத்தாய். மருமகன் ஜீப்பின் பின்னால் ஏறி மிதித்து முன்பக்கத்தைத் தூக்கப் பார்த்தார், அவள் இறக்கச் சொன்னாள் என்று யாரோ கத்த முன்னால் ஏறி மிதித்தார். கடைக்குட்டிக்கும் வாய் தெரிந்தது, புழுவும் கிடைத்தது. அதன்பிறகு பெண்கள் வரிசையில் நின்று வளையல் போட்டார்கள், தாலி உள்ளவர்கள் இல்லாதவர்கள் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, வரிசை அவ்வளவு நீளமாக இருந்தது. மாரிச்செல்வியின் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நிறைந்து, சாப்பிடக் கையை மடக்க முடியாமல் போய், வடிவுதான் ஊட்டிவிட்டாள்.

குஞ்சுகள் ஒருநாள் பறந்து போயின. எந்த நாள் என்று கேட்டால் பாடியில் ஆளுக்கொன்று சொல்வார்கள். தையல் விட்டுப்போனதும் அன்றைக்கா, அதற்கு முன்பேயா என்பது அதைவிடத் தெரியாது. ஏனென்றால் காலையில் தள்ளியும் உச்சியில் நெருங்கியும் அந்த இருவரும் பழையபடியேதான் நடந்துகொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் மாரிச்செல்விக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. முதன்முதலாக வெயிலில் கிடத்தியபோது குழந்தையின் நிழலின் ஓரத்தில், ஊசி ஏறி இறங்கிய மாதிரி சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக இருந்தன, அவற்றின் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஆவுடைத்தாய் அதைப் பார்த்துவிட்டு, "எங்க குடும்பத்து நெழலு அப்படித்தான் இருக்கும்" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

அடுத்த மாசியில் பதினாலாம் நம்பர் காட்டில், காலைத் தேநீர் முடிந்து ரெத்தினசாமி விசில் ஊதினார். எல்லாரும் எழுந்து போனார்கள். தட்டைப் பாறையில் இரண்டு பேர், முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, எழுந்திருக்கவில்லை.

"நீ மொதல்ல எந்திரி, நான் வாரேன்" என்றாள் வடிவு.

"நீங்க எந்திரிங்க, நான் என்ன ஓடியா போயிரப் போறேன்" என்றாள் வேலுத்தாய்.

தரையில் இரண்டு நிழல்களும் தையல் எதுவும் இல்லாமலே ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. உண்ணிச்செடியிலிருந்து அந்தக் குருவி, அலகில் கொஞ்சம் பஞ்சோடு, கீழே இறங்கி வந்து பார்த்தது. ரெத்தினசாமி விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேசாமல் இருவருக்கும் முழுப்பேர் எழுதினார்.